கிரான் வெனர் யார்? சில கேள்விகள்

பிரெஞ்சு அரசர்களின் வேட்டை பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

சார், ஒரு மெனு கார்டில் 'கிரான் வெனர் சாஸ்' என்று பார்த்தேன். யார் இந்த வெனர்?

அது ஆள் பெயர் இல்லை, பிரெஞ்சு அரசரின் தலைமை வேட்டைக்காரர் என்ற பதவிப் பெயர். அரசரின் வேட்டை நாய்கள், குதிரைகள், ஆட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. பெரிய இடத்துக்காரர்களுக்குத்தான் இந்தப் பதவி கிடைக்கும். 14ஆம் லூயியின் மகன் துலூஸ் கோமகன் இதை வகித்தார், அவருக்குப் பிறகு அவர் மகன்.

அப்போ மானை யார் தேடுவார்கள்?

நல்ல கேள்வி. அதற்கு வேறு ஆள். விடியற்காலையில் 'லிமியே' என்ற மோப்ப நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தே காட்டுக்குள் போவார். அந்த நாய் குரைக்கவே கூடாது. குரைத்தால் படுத்திருக்கும் மான் எழுந்து ஓடிவிடும். குளம்புத் தடம், மரத்தில் கொம்பு உரசிய இடம், புழுக்கை, இவற்றை வைத்தே மானின் வயதையும் உடல்கட்டையும் கணித்துவிடுவார். புழுக்கையைப் பத்திரமாக எடுத்து வந்து, காட்டில் காலை உணவுக்கு உட்கார்ந்திருக்கும் எசமானர்களிடம் காட்டுவார். ஆமாம், சாப்பிடும்போதேதான்! எந்த மானைத் துரத்துவது என்று அங்கேதான் முடிவாகும். ஃபுவா கோமகன் கஸ்தோன் ஃபேபுஸ் 1387இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூலில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது. மனிதர் 1391இல் கரடி வேட்டை முடித்து வந்த அன்றே இறந்துபோனார்.

வெர்சாய் அரண்மனையே வேட்டைக்காகக் கட்டியதாமே?

தொடக்கம் அப்படித்தான். 1623இல் 13ஆம் லூயி கட்டியது வேட்டைக்குப் போனால் தங்க ஒரு சின்ன வீடு. அரசவை அங்கே குடியேறியது 1682இல், அவர் மகன் காலத்தில். 16ஆம் லூயியின் நாட்குறிப்பில் 1789 ஜூலை 14க்கு நேரே 'ஒன்றுமில்லை' என்று இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டில் சிறை விழுந்த நாள்! ஆனால் அது பெரும்பாலும் வேட்டைக் கணக்கு எழுதும் குறிப்பு. அன்று வேட்டை இல்லை, அவ்வளவுதான். மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 4 இரவு, பிரபுக்களின் வேட்டைச் சலுகையே ஒழிந்தது.

பேய் வேட்டைக்காரர் கதை ஒன்று உண்டாமே அண்ணா?

ஃபோந்தேன்புளோ காட்டுக் கதை. 4ஆம் ஹென்றி வேட்டையாடும்போது எங்கோ தூரத்தில் கொம்பொலியும் நாய்க் குரைப்பும் கேட்டதாம். அடுத்த நொடி அது பக்கத்திலேயே கேட்டது. பார்த்துவர ஆளனுப்பினால், புதருக்குள் நெடிய கறுத்த உருவம் ஒன்று நின்று கத்தியது. 'நான் சொல்வது கேட்கிறதா?' என்றதாகச் சிலர் சொன்னார்கள், 'திருந்து!' என்றதாகச் சிலர். பிரெஞ்சில் இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே விழும். குழப்பம் அதனால்தான். 1610இல் ஹென்றி கத்திக்குத்துப் பட்டு இறந்தார். கதை சொல்கிறவர்கள் அதை விடுவார்களா?

ஷசர் சாஸும் அந்த மெனு கார்டு கிரான் வெனர் சாஸும் ஒன்றா?

இல்லை. இரண்டு பெயரிலும் வேட்டைக்காரர் இருக்கிறார், ஆனால் சட்டி வேறு. கிரான் வெனர் மான் கறிக்கானது: மிளகும் வினிகரும் ஒயினும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பில் சிவப்புத் திராட்சை போன்ற ரெட்கரன்ட் பழ ஜெல்லியும் கிரீமும் கலப்பார்கள். ஷசர் எளியது, எனக்கு அதுதான் பிடிக்கும். கோழித் துண்டுகளை வெண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் காளானும் சின்ன வெங்காயமும் வதக்குங்கள். வெள்ளை ஒயின் ஊற்றிப் பாதியாகச் சுண்டியதும் தக்காளியும் எலும்புச் சாறும் சேர்த்து, கோழியைத் திரும்பப் போடுங்கள். டாரகன் இலை கடைசியில்தான். முதலிலேயே போட்டால் மணம் போய்விடும்.

வேட்டை முடிந்ததும் நாய்களுக்கு என்ன கிடைக்கும்?

குடல், உள்ளுறுப்புகள். மானின் தோலை மேலே போர்த்தி வைத்து, கொம்பு ஊதி, பிறகு தோலை விலக்கி நாய்களை விடுவார்கள். முன்னங்கால் ஒன்று மட்டும் முக்கிய விருந்தாளிக்கு மரியாதையாகப் போகும்.