வாத்துச் சுடும் துவக்கும் ஊதித் தேய்ந்த கசட்டும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய டிவி கேம் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு பேர் எழுதுவார்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இடமில்லை, ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

அம்மா அலுமாரிக்கு மேலிருந்து எங்கள் பழைய டிவி கேமை இறக்கித் தந்தார். கசட்டைப் போட்டால் வெறும் நிறத்திரைதான் வருகிறது. சின்ன வயதில் செய்ததுபோல ஊதிப் பார்த்தேன், சில நேரம் வேலை செய்கிறது. ஊதுவதால் உண்மையில் பலன் உண்டா? பெட்டியில் 9999 கேம் என்றும் போட்டிருக்கிறது, அது உண்மையா? – வெள்ளவத்தை வாசகர்

ஊதுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். நாங்கள் எல்லோரும் ஊதினோம், ஊதியபின் வேலை செய்தது, அதனால் ஊதியதால்தான் வேலை செய்தது என்று நம்பினோம். உண்மையில் கசட்டைக் கழற்றித் திரும்பப் போடும்போது அதன் அடியில் இருக்கும் செப்புப் பற்கள் கொஞ்சம் இடம் மாறி நன்றாகத் தொடுகின்றன, அவ்வளவுதான். வாயிலிருந்து போகும் ஈரம் அந்தப் பற்களை மெதுவாக அரிக்கும், ஊதவேண்டாம் என்று இந்தக் கேம்களைச் செய்த ஜப்பானிய நிறுவனம் நின்டெண்டோவே சொல்லியிருக்கிறது. பாமசியில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் ஒரு சின்னப் போத்தல் வாங்குங்கள், காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் தொட்டுப் பற்களைத் துடையுங்கள், பஞ்சு கறுப்பாக வரும், கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் குச்சியை மாற்றி மாற்றித் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். பழைய அடப்டரை அப்படியே சொருகவும் வேண்டாம். எத்தனை வோல்ட், எந்தப் பக்கம் பிளஸ் என்று பெட்டியின் அடியிலும் அடப்டரிலும் இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சுவிட்ச்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் நின்டெண்டோ இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1983 இல் ஜப்பானில் வந்த ஃபமிகொம் என்ற நின்டெண்டோ இயந்திரத்தின் கொப்பிகள் தாய்வானிலும் சீனாவிலும் செய்யப்பட்டு எங்கள் பக்கமெல்லாம் வந்தன, புறக்கோட்டையில் நாங்கள் பேரம்பேசி வாங்கியதும் அவற்றைத்தான். அதனால்தான் கசட்டில் 60 பற்கள். அமெரிக்க நின்டெண்டோவின் கசட்டில் 72, அது இதில் போகாது.

9999 பற்றிக் கேட்டால், பட்டியலில் கீழே போய்க்கொண்டே இருங்கள். சில டசின் கேமுக்குள் பழையபடி மரியோ வரும், இந்தமுறை மூன்றாம் கட்டத்தில் தொடங்கும், கொஞ்சம் தள்ளி இன்னொரு மரியோ, அதில் நிறம் மட்டும் மாறியிருக்கும். அதையெல்லாம் தனித்தனிக் கேம் என்று எண்ணித்தான் 9999. ஒன்று சொல்லவேண்டும், 1985 இல் வந்த சுப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்தான். இன்று காலை உங்கள் சித்தி அனுப்பிய குட்மோர்னிங் படம் அதைவிடப் பெரிது.

டிவி கேமோடு வந்த வாத்துச் சுடும் துவக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. புதிய எல்ஈடி டிவியில் போட்டால் வாத்து பறக்கிறது, ஒன்றுகூட விழுவதில்லை. துவக்கு பழுதா? – கொட்டாஞ்சேனை வாசகர்

துவக்கு நல்லாய்த்தான் இருக்கும், டிவிதான் பிரச்சினை.

அந்தத் துவக்கு எதையும் சுடுவதில்லை, அதன் குழாய்க்குள் வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு சின்னக் கண் இருக்கிறது. நீங்கள் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் வரும். துவக்கு முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால் வாத்து விழும். இரண்டு வாத்து என்றால் இரண்டு சதுரம் ஒன்றன்பின் ஒன்றாக, எந்தச் சதுரத்தின்போது வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்து எந்த வாத்து என்று முடிவாகும். முதலில் கறுப்பு வருவது எதற்கு? மின்குமிழைப் பார்த்துச் சுட்டு ஏமாற்றக்கூடாது என்பதற்கு. ஆனால் டிவிக் கண்ணாடியில் துவக்கை ஒட்டவைத்துச் சுடுவதை அவர்களால் தடுக்க முடியவில்லை, அதை உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதெல்லாம் ஒரு செக்கனில் ஐம்பதில், அறுபதில் ஒரு பங்குக் கணக்கில் நடக்கிறது. பழைய குழாய் டிவி சமிக்ஞை வந்த அந்த நிமிடமே கோடு கோடாகப் படத்தை வரைந்துவிடும், துவக்கின் கண் எதிர்பார்ப்பதும் அந்த மினுக்கத்தைத்தான். எல்ஈடி டிவி படத்தை வாங்கி, பெருப்பித்து, சரிசெய்து, பிறகுதான் காட்டும். சதுரம் திரைக்கு வருவதற்குள் கேம் 'தவறிவிட்டது' என்று எழுதி முடித்திருக்கும். அந்த மினுக்கமும் புதிய திரையில் இல்லை. ஆகவே குழாய் டிவி ஒன்று தேடுங்கள், வேறு சுலப வழி இல்லை.

இடையில் ஒன்று. உங்களிடம் துவக்கு இருப்பதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் அப்பா எனக்கு இந்த செட்டை வாங்கியபோது பெட்டிக்குள் துவக்கும் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் எத்தனை சோதனைச் சாவடி என்பது அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பா யோசித்துப் பார்த்துவிட்டுத் துவக்கைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார், விலையில் ஒரு சதமும் குறையவில்லை. கசட்டில் வாத்து மட்டும் இருந்தது. நானும் தம்பியும் அது பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம், கேமில் உள்ள நாய் வந்து சிரிக்கும், திரும்ப வாத்து. ஒரு வாத்து வரும் ஆட்டத்தில் ஜொய்ஸ்டிக்கால் வாத்தைத் திருப்பலாம் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. தெரிந்திருந்தால் பறக்கவாவது விட்டிருப்போம்.

கொன்ட்ராவில் 30 உயிர் எடுக்கும் பட்டன் வரிசை மறந்துவிட்டது. – தெஹிவளை வாசகர்

மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, பிறகு ஸ்டார்ட். தலைப்புத் திரையில் அழுத்தவேண்டும், இரண்டு பேர் என்றால் ஸ்டார்ட்டுக்கு முன் செலக்ட். இதை முதலில் போட்டவர் கொனாமி என்ற கேம் நிறுவனத்தில் வேலை செய்த கசுஹிசா ஹஷிமொட்டோ, 1986 இல் கிராடியஸ் கேமுக்காக. அந்தக் கேம் அவருக்கே கஷ்டமாக இருந்ததால் சோதித்துப் பார்க்க வசதியாகச் செய்துகொண்டது. அவர் 2020 இல் காலமானார். அவர் புண்ணியத்தில் கொன்ட்ராவின் எட்டாம் கட்டம் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

பிரின்ஸ் ஒஃப் பெர்சியாவை இப்போதைய லப்டொப்பில் விளையாட முடியுமா? – பம்பலப்பிட்டி வாசகி

முடியும். டொஸ்பொக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அது உங்கள் லப்டொப்புக்குள்ளேயே விண்டோஸுக்கு முந்தைய டொஸ் ஓடும் ஒரு பழைய கொம்பியூட்டரைப்போல நடித்துக்காட்டும். வேறு பழைய கேம் ஏதாவது தலைதெறிக்க ஓடினால் கன்ட்ரோலுடன் எஃப் 11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப் 12 கூட்டும்.

1989 இல் ஜோர்டன் மெக்னர் இதைச் செய்தபோது தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு அசைவையும் வரைந்தார். விளிம்பில் தொங்கி ஏறும்போது இளவரசனுக்கு உண்மையிலேயே பாரம் இருப்பதுபோல் தெரிவது அதனால்தான். கேமுக்கு 60 நிமிடம்தான் என்பது நினைவிருக்கும். 1996 இல் மின்வெட்டு நடந்த காலத்தில் அந்த 60 நிமிடம் கிடைப்பதே பெரும்பாடு. மூன்றாம் கட்டத்திலிருந்து கன்ட்ரோலும் ஜியும் அழுத்திச் சேமிக்கலாம் என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1996 உலகக்கிண்ணத்தை வென்ற எங்கள் அணியை வைத்து விளையாட ஆசை. கிரிக்கெட் 07 இல் பெயர்களே வேறாக இருக்கின்றன, ஏன்? – மட்டக்குளி வாசகர்

உரிமம். இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மட்டும் ஒழுங்காகப் பெயர் வாங்கியிருந்தார்கள், மற்ற அணிகளுக்குக் கொஞ்சம் திரித்த பெயர்கள். பிறகு ரசிகர்களே பேட்ச் செய்து பெயர், முகம், சட்டை எல்லாம் மாற்றினார்கள், யாராவது அவற்றை இன்னும் கணினியில் வைத்திருப்பார்கள். லாகூர் இறுதிப்போட்டியில் அரவிந்த அடித்த ஆட்டமிழக்காத 107 ஐ எந்தப் பேட்சும் தராது, அதை நீங்களே அடித்துக்கொள்ளவேண்டும்.

என் கணவருக்கு 44 வயது. பாவித்த பிளேஸ்டேஷன் 2 ஒன்று வாங்கப்போகிறேன் என்று நிற்கிறார். புத்தியா இது? – கல்கிசை வாசகி

2000 இல் வந்து 16 கோடிக்கும் மேல் விற்ற இயந்திரம், ஆசைப்படுவதில் அதிசயம் இல்லை. ஆனால் டிஸ்க் வாசிக்கும் லென்ஸ் தேய்ந்திருக்கும். ஆகவே கூடவே போங்கள். நீலநிற சீடி ஒன்றும் டிவிடி ஒன்றும் கடையில் போட்டுக்காட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் சில செட்டில் ஒன்று ஓடும், மற்றது ஓடாது. அரை மணித்தியாலம் ஓடவிட்டு, மெமரி கார்டில் சேமித்து, நிறுத்தித் திரும்பப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் 'நேரமில்லை' என்றால் வேறு கடை. அதற்குள் கணவர் உங்களை இரண்டாவது ஜொய்ஸ்டிக்கைப் பிடிக்கச் சொல்வார், எச்சரிக்கை.

வீட்டில் 29 அங்குலக் குழாய் டிவி ஒன்று தூசி பிடித்துக் கிடக்கிறது. பழைய சாமான் வாங்குபவர் அடிமாட்டு விலை கேட்கிறார். கொடுக்கவா? நாங்கள் மூன்றாம் மாடி. – கிருலப்பனை வாசகர்

கொடுக்கவேண்டாம். மேலே கொட்டாஞ்சேனை வாசகரின் கேள்வியைப் படியுங்கள், அவர் இதைத்தான் தேடுகிறார். மூடியை மட்டும் கழற்றிவிடாதீர்கள், அணைத்த பிறகும் குழாயில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். இரண்டு பேரும் சம்மதித்தால் தொலைபேசி இலக்கங்களை நான் மாற்றித் தருகிறேன். மூன்று மாடி யார் இறக்குவது என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். டிவி ஏற்றி முடிந்ததும் எனக்கும் ஒரு வாத்து விட்டுவைத்தால் நல்லது.