இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஃபுட்பால்ல ஆர்சனல் 2022-23ல இருந்து 2024-25 வரை மூணு சீசனும் ரெண்டாவதாவே வந்ததுக்கு மேனேஜர் ஆர்டெட்டா காரணமா, டீம் காரணமா?

என் கணக்குல ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு, ஆனா 2024-25 சீசனுக்கு மட்டும் கேட்டா டீம் பக்கம்தான் கை காட்டுவேன். அதுக்கு முந்தின வருஷம் 89 பாயிண்ட் எடுத்தும் மான்செஸ்டர் சிட்டி 91 எடுத்துட்டாங்க, அதுக்கு யாரைத் திட்டுறது சொல்லுங்க.

2024-25 கதை வேற. முன்னாடி நின்னு கோல் போடுற ஸ்ட்ரைக்கர் கேப்ரியல் ஜீசஸுக்கு முழங்கால் போச்சு, அப்புறம் துபாய் கேம்ப்ல இன்னொரு ஸ்ட்ரைக்கர் ஹாவெர்ட்ஸ் தொடைத்தசையைக் கிழிச்சுக்கிட்டார், ஜனவரி டிரான்ஸ்ஃபர்ல ஸ்ட்ரைக்கர் யாரையும் வாங்கவும் இல்ல, கடைசில மிட்ஃபீல்டர் மெரினோவை முன்னாடி நிக்க வச்சு லெஸ்டர் மேட்ச்ல அவரு மாற்று ஆளா இறங்கி ரெண்டு கோல் போட்டு மானத்தைக் காப்பாத்துனாரு. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா டைட்டிலுக்கு ஆடுற டீமுக்கு இதுவா நிலைமை? 14 டிரா சும்மா வரல.

ஆர்டெட்டா மேல எனக்கு கோவமே இல்லன்னு நினைக்காதீங்க. பிரைட்டன் மேட்ச்ல 1-0 லீடு, ஏற்கனவே ஒரு மஞ்சள் கார்டு வாங்கின நம்ம ரைஸ் ஆட்டம் நின்னப்ப பந்தை லேசா தட்டி விட்டாரு, அவ்ளோதான், ரெண்டாவது மஞ்சள், ரெட். முடிவு 1-1. அடுத்த மாசமே சிட்டி மேட்ச்ல ட்ரோசார்டும் அதே மாதிரி பந்தை உதைச்சு ரெட் வாங்கி வெளிய போனாரு (தலைல அடிச்சுக்கிட்டேன்). ஒரு தடவைன்னா பிளேயர் தப்பு, திரும்பத் திரும்பன்னா மேனேஜர்தான் கண்டிக்கணும்.

அதுக்காக ஆளை மாத்துன்னு சொல்றவங்க 2019 டிசம்பர்ல அவரு வந்தப்ப டீம் இருந்த இருப்பைப் பார்க்காதவங்க. 2020-21ல எட்டாவதா முடிச்சோம், அந்த வலி எனக்குத் தெரியும்.