கேள்வி பதில்: அலாரம் அடிக்கும்போது கை எங்கே போகிறது?

முப்பது ஆண்டுகள் ராணிப்பேட்டையில் பாய்லர் ஷிப்ட் பார்த்தவன். இப்போது புதிய ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி தருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

வாலாஜா வாசகர்: பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடியில் (கேஜ் கிளாஸ்) தண்ணீர் தெரியவில்லை. புதுப் பையன் ஓடிப்போய் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்பைப் போட்டான். திட்டிவிட்டேன். சரிதானே ஐயா?

திட்டி என்ன பயன்? வற்றிய குழம்பில் தண்ணீர் ஊற்றுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் அவன். பழுக்கக் காய்ந்த குழாயில் தண்ணீர் பட்டால் ஒரே நொடியில் நீராவியாகும், பாய்லரே வெடிக்கலாம். முதலில் தீயை நிறுத்த வேண்டும். இன்னொரு சங்கடம், கண்ணாடி முழுக்க நிரம்பினாலும் காலியாகத்தான் தெரியும். எது என்று பிறகு பார்க்கலாம், தீ முதலில். நிறுத்தி வைத்த பாய்லரில் கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டு, "தண்ணீர் இல்லை!" என்று பின்னாலிருந்து கத்துவேன். முதல் நாள் கை பம்பு பக்கம்தான் போகும். எரிபொருள் சுவிட்சுக்குத் தானாகப் போகும்வரை கத்திக்கொண்டே இருப்பேன். என் தொண்டைதான் பாவம்.

ஆம்பூர் வாசகர்: கழிவுத் தொட்டியில் ஒருவர் மயங்கினால் அடுத்தவர் குதிக்கிறார். எப்படித் தடுப்பது?

தோல் பதனிடும் ஷாப்பில் சல்பைடு கலந்த சுண்ணாம்புக் கழிவோடு அமிலக் கழிவு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குகிறார்கள். உள்ளே கிடப்பவர் பல நேரம் மைத்துனராகவோ சித்தப்பா மகனாகவோ இருப்பார். அந்த நேரத்தில் அறிவுரை காதில் ஏறாது. ஆகவே தொட்டி விளிம்பில் கயிற்றோடு நிற்பவர் உறவினராக இருக்கக் கூடாது. ஆளைக் காலையிலேயே பெயர் சொல்லி நிறுத்துங்கள்.

காட்பாடி மாணவி: எல்லா அலாரமும் சேர்ந்து அடித்தால்?

யாராலும் சமாளிக்க முடியாது அம்மா. 1994இல் வேல்ஸ் நாட்டு மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில், வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களுக்குள் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரங்கள். அப்படிப்பட்ட இடத்தில் பயிற்சியைவிட அலாரங்களைக் குறைப்பதே முதல் வேலை.

குடியாத்தம் வாசகர்: அலாரம் அடித்ததும் தீயை நிறுத்தினால் முதலாளி கோபிப்பாரே?

ஓர் ஆலையில் ஒருவன் சரியாகவே தீயை நிறுத்தினான். பழுது கருவியில்தான் என்று பின்னால் தெரிந்தது. ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள். அடுத்த முறை அலாரம் அடித்தபோது அவன் சுவிட்சைத் தொடவில்லை. மேலாளருக்குப் போன் போட்டுக்கொண்டு நின்றான்.