கண்ணீர்ப்புகை வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வது? கூட்டத்தில் சிக்கினால் எப்படி வெளியே வருவது?

கேள்வி: பொதுத் தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம்தான். எங்கள் வீடு பிரதான சாலை முனையில் இருக்கிறது. இரண்டு கட்சிக்காரர்களும் மாறி மாறி ஊர்வலம் போகிறார்கள். போன வாரம் மோதல் முற்றி, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. எரிச்சல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அம்மாவுக்கு ஆஸ்துமா. நானும் தினமும் மாலையில் அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் வீடு திரும்ப வேண்டும். வெங்காயம், வினிகர், பற்பசை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: முதலில் அம்மாவைப் பற்றி. அவருடைய இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலரில் பொருத்தி மருந்தை இழுக்கும் குழாய்) ஊர்வலம் முடியும்வரை அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்ஹேலரில் மருந்து மீதம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மூச்சிரைப்பு வந்தால் உட்காரவைத்து, உடனடி நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியே ஒவ்வொன்றாக 4 முறை அழுத்துங்கள்; ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 4 மூச்சு இழுக்க வேண்டும். 4 நிமிடம் பொறுத்தும் தணியாவிட்டால் இன்னொரு 4. அதற்கும் கேட்காவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை இதையே தொடருங்கள். அவருடைய மருத்துவர் வேறு அளவு எழுதிக் கொடுத்திருந்தால் அதுதான் சரி. சாலையில் கூட்டம் இருந்தால் ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமாக வரமுடியும் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

அடுத்து வீடு. கண்ணீர்ப்புகை என்று பெயர்தானே தவிர, அது உண்மையில் தூள். பரவலாகப் பயன்படுவது சிஎஸ் என்ற வேதிப்பொருள். 1928-இல் அதை உருவாக்கிய கார்சன், ஸ்டௌட்டன் இருவரின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். சாதாரண வெப்பநிலையில் அது திடப்பொருள். குண்டின் சூட்டில் வெளியேறி, நுண்துகளாகக் காற்றில் மிதந்து, பிறகு கீழே படிகிறது. ஆகவே தூளுக்குச் செய்வதைத்தான் இதற்கும் செய்ய வேண்டும்.

ஊர்வலம் வரும் முன்பே தெருப்பக்கத்து ஜன்னல்களை மூடிவிடுங்கள். எக்ஸாஸ்ட் விசிறியையும், வெளிக்காற்றை இழுக்கும் ஏசியையும் நிறுத்துங்கள். பலரும் மறப்பது இந்த எக்ஸாஸ்டைத்தான். அறைக் காற்றை அது வெளியே தள்ளத் தள்ள, அந்த இடத்தை நிரப்பத் தெருக்காற்று இடுக்கு வழியாக உள்ளே வரும். கதவின் அடியில் நனைத்த துண்டைச் சுருட்டி வையுங்கள். துகள் தாழ்வாகத் தங்கும் என்பதால் மாடி இருந்தால் மாடியில், தெருவுக்கு எதிர்ப்பக்க அறையில் அம்மா இருப்பது நல்லது. வெளியே முழுதும் அடங்கிய பிறகு எல்லா ஜன்னலையும் திறந்து காற்றோட விடுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். படிந்தது மறுபடி கிளம்பும். கையுறை போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள். வாசலில் குண்டு கிடந்தால் தொட வேண்டாம், கையைச் சுட்டுவிடும்.

உங்கள் மேல் பட்டுவிட்டால், முதலில் காற்று வரும் திசைக்கு நகருங்கள். கண்ணைத் தேய்க்கவே கூடாது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுத்தமான தண்ணீரை 10 முதல் 15 நிமிடம் ஊற்றுங்கள்; அப்போதுதான் ஒரு கண்ணிலிருந்து வழிவது இன்னொன்றில் போகாது. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். இந்த மூன்று வாரமும் கண்ணாடியே போதும். சட்டையைத் தலைவழியே கழற்றினால் தூள் மொத்தமும் முகத்தில் அப்பும். அதனால் பொத்தான் வைத்த சட்டையாகப் போட்டுச் செல்லுங்கள். கழற்றியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, தனியாகத் துவையுங்கள். உடம்பைச் சோப்பும் ஏராளமான தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். தண்ணீர் பட்டதும் எரிச்சல் கொஞ்ச நேரம் கூடலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

வினிகர், வெங்காயம், பற்பசை எதுவும் வேண்டாம். எரிகிற கண்ணுக்கு அவை இன்னோர் எரிச்சல். எண்ணெய்ப் பசையுள்ள க்ரீம் தூளைத் தோலோடு ஒட்டவைக்கும். ஈரத்துணியும் முகக்கவசத்துக்கு ஈடாகாது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 ஓரளவு காக்கும், ஆனால் கண்ணைக் காக்காது. பெரும்பாலும் அரை மணி நேரத்தில் எரிச்சல் அடங்கும். ஒரு மணி நேரம் கடந்தும் பார்வை மங்கலாகவோ மூச்சு இறுக்கமாகவோ இருந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஆனால் நீங்கள் வீடு திரும்பும் வழியில் நாங்கள் அதிகம் அஞ்சுவது புகையை அல்ல, புகையைக் கண்டு ஓடும் கூட்டத்தை. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் கால்பந்து அரங்கில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியதும் மக்கள் குறுகிய வாசல்களை நோக்கி ஓடினார்கள். 135 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் அந்த நெரிசலில்.

கூட்டத்தின் அடர்த்தியை உடம்பாலேயே அளக்கலாம். ஒரு சதுர மீட்டரில் 4 பேர் இருக்கும்வரை உங்கள் விருப்பப்படி நடக்கலாம். இரண்டு தோளிலும் ஆள் உரசத் தொடங்கினால் வெளியேறும் நேரம் வந்துவிட்டது. 6, 7 பேர் ஆகிவிட்டால் யாரும் தன் காலால் நடப்பதில்லை. கூட்டம் தண்ணீர் போல அலையடிக்கும். கையை முகத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை என்றால் அந்த நிலைதான். நெரிசலில் பலர் சாவது மிதிபட்டு அல்ல, நின்றபடியே மார்பு விரிய இடமின்றி மூச்சடைத்து. அதனால் இரு முன்கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி வைத்து, மூச்சுக்கு இடம் பிடித்துக்கொள்ளுங்கள். அலை தள்ளும்போது எதிர்க்காதீர்கள். அது ஓயும் நொடியில் ஓரமாக, குறுக்குச்சாய்வாக இரண்டடி நகருங்கள். இப்படியே விளிம்புக்கு வந்துவிடலாம். சுவரையும் இரும்புத் தடுப்பையும் ஒட்டி நிற்காதீர்கள். அழுத்தம் முழுதும் அங்கேதான் வந்து சேரும். பை கீழே விழுந்தால் விட்டுவிடுங்கள், குனிந்தால் எழ முடியாது.

இரு கட்சி ஊர்வலங்களும் சந்திக்கும் முனைதான் மிக மோசமான இடம். கல்லும் தடியும் பறப்பது அங்கே. ஐந்து நிமிடம் சுற்றினாலும் இணைத்தெரு வழியாகப் போங்கள். எந்தக் கட்சியின் கொடி நிறத்திலும் சட்டை வேண்டாம். கலைந்து போகச் சொல்லி போலீஸ் ஒலிபெருக்கியில் முதல் அறிவிப்பு வந்த உடனே கிளம்பிவிடுங்கள். பக்கத்துச் சந்துகள் அப்போதுதான் காலியாக இருக்கும். ஒருவேளை விழுந்துவிட்டால் மல்லாந்து கிடக்காமல், இடப்பக்கமாகச் சுருண்டு, கைகளால் தலையை மூடிக்கொண்டு, கொஞ்சம் இடைவெளி கிடைத்த உடனே முழங்காலை ஊன்றி எழுந்துவிடுங்கள்.