பட்டா ஒருவர் பெயரில், பாடு இன்னொருவருக்கு: டெல்டா வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி (திருவாரூர்): முதலாளித்துவமா, சோஷலிசமா? சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தை என்றால் "ரெண்டும்". கோபப்படாதீர்கள். உங்கள் ஊரில் ஒரு போகம் எப்படி விளைகிறது என்று பாருங்கள். நிலம் தனியார் பட்டா. தண்ணீர் 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையிலிருந்து அரசு திறந்துவிடுவது. பயிர்க்கடன் கூட்டுறவுச் சங்கத்தில். அது போதாமல் நகை அடகுக்குப் போகிறது. அறுவடை மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை, மழை மிரட்டினால் அதுவும் ஏறிவிடும். ஆக, இரண்டும் ஏற்கெனவே ஒரே வயலில் இருக்கின்றன. எது எங்கே நிற்கலாம் என்பதில்தான் தகராறு.

என் வாதம் இது: இரு தரப்பில் ஒருவரால் "முடியாது" என்று சொல்லவே வழியில்லாத இடங்களில் அரசு உள்ளே வர வேண்டும். குத்தகை, பாசன நீர், களத்தில் குவிந்து கிடக்கும் ஈர நெல் எல்லாம் அந்த வகை. மெஷின், அரிசி ஆலை, கடைகண்ணி இவற்றைப் போட்டியே நன்றாகப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி (மன்னார்குடி): நில உச்சவரம்புச் சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும் பெரிய பண்ணைகள் எப்படித் தப்பின? அப்படியானால் சோஷலிசச் சட்டங்களால் பயனே இல்லை என்றுதானே ஆகிறது?

முதல் பாதி சரி. 1961-ல் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு வந்தது. 1970-ல் அது 15 ஆனது. சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு முதலிலேயே ஊருக்கு வந்துவிட்டது. மச்சான், மருமகன், பண்ணையில் வேலை பார்த்தவர் என்று பலர் பெயருக்கு நிலம் மாறியது. கைநாட்டு வைத்தவருக்கே தன் பெயரில் வயல் இருப்பது தெரியாது. மீதி, அறக்கட்டளை என்ற பெயரில் விலக்குக்குள் ஒதுங்கியது.

இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். டெல்டாவை அசைத்தவை வேறு சட்டங்கள். 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம், எல்லாவற்றையும் விட 1971-ன் குடியிருப்புச் சட்டம். அதற்கு முன் கூலித் தொழிலாளியின் குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது. கூலி கூடக் கேட்டால் வேலை மட்டும் போகாது, "மனையைக் காலி பண்ணு" என்பார்கள். மாட்டையும் பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு அந்த இரவே எங்கே போவது? கூலித் தகராறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் கருகியதில் நாடே பார்த்தது. 1971 சட்டத்தால் குடியிருந்த மனை சொந்தமான பிறகுதான் கூலி பேச வாய் திறந்தது. சில சென்ட் மனை. ஆனால் பல ஏக்கர் உச்சவரம்பு செய்யாததை அது செய்தது.

இன்னொரு வழியும் இங்கே நடந்திருக்கிறது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981-ல் தொடங்கிய லாப்டி அமைப்பு, நிலச்சுவான்தார்களிடம் விலை பேசி, வங்கிக் கடனில் வாங்கி, நிலமற்ற பெண்கள் பெயரில் பதிவு செய்தது. விலைக்கு வாங்குவது சந்தை, யாருக்காக என்பது சோஷலிசம். எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

கேள்வி (பாபநாசம்): அரசு நெல் கொள்முதல் நிலையங்களை மூடிவிட்டு நெல்லைச் சந்தைக்கே விட்டால் என்ன? மூட்டைக்கு இவ்வளவு என்று கறப்பதாவது நிற்கும்.

உங்கள் எரிச்சல் நியாயம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பி, நெல் மழையில் முளைத்துப்போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் பீகாரைப் பாருங்கள். 2006-ல் அங்கே விற்பனைக்கூடச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். போட்டி பெருகி விலை ஏறும் என்றார்கள். ஆதரவு விலைக்குக் கீழே வியாபாரியிடம் தள்ளிவிடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. இங்கே வியாபாரி உங்களிடம் பேசும் விலைக்கு ஒரு தரை இருக்கிறதென்றால், தார்ப்பாய்க்கு அடியில் நனையும் அந்தக் கொள்முதல் நிலையம்தான் காரணம். உலர்த்தும் இயந்திரமும் கூரைபோட்ட களமும் கேளுங்கள். மூடச் சொல்லாதீர்கள்.

கேள்வி (சீர்காழி): கோடீஸ்வரர்களுக்கு வரி போட்டால் நாட்டை விட்டே ஓடிவிட மாட்டார்களா?

சிலர் ஓடுவார்கள். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் கணக்குப்படி 2022-23-ல் நாட்டின் சொத்தில் சுமார் 40 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வாரிசுச் சொத்துக்கு வரி நம்மிடம் 1953 முதல் 1985 வரை இருந்தது; செல்வ வரி 1957-ல் வந்து 2015-ல் போனது. இரண்டிலும் வழக்கும் விலக்கும் அதிகம், வசூல் சொற்பம். சமத்துவத்துக்குப் பெயர்போன ஸ்வீடனே இவ்விரண்டையும் 2000-களில் கைவிட்டு, எல்லோரிடமும் பரவலாக வரி வாங்கிப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் செலவழிக்கிறது.

பணம் ஓடும், மண் ஓடாது. நகரத்து மனை, கட்டடம் இவற்றின் உண்மை மதிப்புக்கு வரி போடுவதில் தொடங்கலாம். அப்புறம், எவ்வளவு பெரிய விவசாய வருமானமானாலும் மத்திய வருமான வரி இல்லை என்பதையும் ஒருநாள் பேச வேண்டும். இதை எழுதிவிட்டு டெல்டாவில் டீக்கடைப் பக்கம் போக முடியுமா தெரியவில்லை.

கேள்வி (கும்பகோணம், கல்லூரி மாணவி): அரசியல் சட்டப்படி அரசு எந்தத் தனியார் சொத்தையும் எடுத்துப் பகிரலாமா?

முடியாது. பிரிவு 39(பி) சொல்லும் "சமூகத்தின் பொருள் வளங்கள்" என்பதில் எல்லாத் தனியார் சொத்தும் சேராது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. சில வகைச் சொத்துகள் சேரலாம். அதன் தன்மை, அரிதா இல்லையா, சிலர் கையில் குவிந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும்.

கேள்வி (வலங்கைமான்): ஒன்பது மா நிலம் (சுமார் மூன்று ஏக்கர்) வாய்மொழிக் குத்தகை. பயிர் மூழ்கினால் நிவாரணம் நிலக்காரருக்குப் போகிறது. இந்தச் சமநிலைப் பேச்சால் எனக்கு என்ன லாபம் ஐயா?

உங்கள் கேள்வியைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். 1955-ன் சட்டம் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாமல் செய்தது. நல்ல சட்டம். ஆனால் "எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும்" என்று பயந்து நிலக்காரர்கள் எழுதுவதையே நிறுத்தினார்கள். 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. அதன்கீழ் மனு போடலாம், ஆனால் நிலக்காரரோடு உறவு முறியும் என்று நீங்கள் தயங்குவதும் புரிகிறது. கோயில், மடத்து நிலங்களில் இந்தப் பயத்துக்கு இடமில்லை, அங்கிருந்துதான் அரசு பதிவைத் தொடங்க வேண்டும்.

இப்போதைக்கு: பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். நிலக்காரரிடம் பேசி, அடங்கலில் (ஊரின் சாகுபடிப் பதிவேடு) சாகுபடி செய்பவர் நீங்கள் என்று விஏஓவிடம் வாங்குங்கள். சம்பாவுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். ஐப்பசி அடைமழை வரை காத்திருக்காமல் புரட்டாசியிலேயே போய்விடுங்கள்.