பணியிடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் தருபவருக்கும் உற்பத்திப் பிரிவுக்கும் இடையே ஒருங்கிணைப்பவராக) பணிபுரிகிறேன். குழந்தைகளுக்கான டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில் கழுத்துப் பட்டியின் அகலத்தைக் குறைக்கும்படி பையரிடமிருந்து, அதாவது ஆர்டர் கொடுத்தவரிடமிருந்து, மின்னஞ்சல் வந்தது. அன்றைக்கே அதை உற்பத்திப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் பதிவிட்டேன். உற்பத்தி மேலாளர் அதைப் பார்த்ததற்கான அடையாளமும் இருக்கிறது. ஆனாலும் பழைய அளவிலேயே கட்டிங் முடிந்து, பாதிக்கும் மேல் தைத்தும் விட்டார்கள். "என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்று முதலாளியின் முன் அவர் கூறிவிட்டார். அன்று முதல் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எது தேவைப்பட்டாலும் கட்டிங் மாஸ்டர் அண்ணன் மூலமாகத்தான் சொல்லி அனுப்புகிறேன். இதில் என் தவறு என்ன?

பதில்: தாங்கள் பதிவிட்டது உண்மை. "யாரும் சொல்லவில்லை" என்று மேலாளர் கூறியது சரியல்ல; "நான் கவனிக்கவில்லை" என்பதே அவர் சொல்லியிருக்க வேண்டியது. இந்த அளவில் நியாயம் தங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் தவறு யாருடையது என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் அடுத்த ஆர்டரிலும் இதுவே நடக்கும்.

நூல் வந்தது, சாயப்பட்டறையிலிருந்து துணி வரவில்லை, மின்தடை, செக்கிங்கில் இன்று ஆள் குறைவு என்று எல்லாமே வந்து விழும் ஒரு குழுவில் அளவு மாற்றமும் ஒரு செய்தியாக விழுந்திருக்கிறது. நீலக் குறி காட்டுவதெல்லாம் அந்தத் திரை ஒருமுறை திறக்கப்பட்டது என்பதை மட்டுமே. அதைப் படித்தாரா, புரிந்துகொண்டாரா, கட்டிங் மேசைக்குக் கொண்டுபோனாரா என்பதை அது சொல்லாது. கட்டிங் மாஸ்டர் துணியை விரித்து வெட்டும்போது கைபேசியைப் பார்ப்பதில்லை. மேசையருகே ஒட்டியிருக்கும் ஆர்டர் ஷீட்டையும், ஒப்புதல் பெற்ற சாம்பிளையும்தான் பார்க்கிறார். அந்தத் தாளில் ஏறாத மாற்றம் தொழிற்கூடத்தைப் பொறுத்தவரை நடக்காத மாற்றமே.

ஆகவே, மாற்றம் வந்தவுடன் செய்ய வேண்டியது பழைய தாளை எடுத்துவிட்டு, தேதியும் திருத்த எண்ணும் இட்ட புதிய தாளை ஒட்டி, மேலாளர், கட்டிங் மாஸ்டர் இருவரிடமும் கையொப்பம் பெறுவதுதான். கட்டிங்குக்கு முந்தைய பிபி மீட்டிங் (உற்பத்திக்கு முன் நடக்கும் கலந்தாய்வு) முடிந்த பிறகு வரும் எந்தத் திருத்தமும் இந்தக் கையொப்பம் இன்றி உள்ளே போகக் கூடாது என்று ஒரு நடைமுறையை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் இடுவதை நிறுத்த வேண்டியதில்லை. அது நினைவூட்டலாக இருக்கட்டும். ஆணையாக இருக்க வேண்டாம்.

கழுத்துப் பட்டியைவிட எனக்குக் கவலை தருவது தாங்கள் கட்டிங் மாஸ்டர் வழியாகப் பேசுவதுதான். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இருவருக்கிடையே நிற்பவர் ஒவ்வொரு முறையும் இருவரையும் புண்படுத்தாத விதத்தில் செய்தியைச் சற்றே மென்மையாக்கித்தான் சொல்வார். "இன்று மாலைக்குள் கட்டாயம் வேண்டும்" என்பது "முடிந்தால் மாலைக்குள் கேட்டார்கள்" என்று மாறிப் போய்ச் சேரும். அடுத்த இழப்புக்கு இதைவிட வேறு ஏற்பாடு தேவையில்லை.

எனவே, ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத ஒரு நாளில் தாங்களே அவர் அறைக்குச் செல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "நான் அனுப்பியும் நீங்கள் ஏன் பார்க்கவில்லை" என்று தொடங்கினால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். "இப்படிப்பட்ட மாற்றங்கள் உங்களிடம் எப்படி வந்தால் தவறாமல் கண்ணில் படும்?" என்று கேட்டுப் பாருங்கள். தாங்கள் எதிர்பாராத பதில் வரலாம். பகலெல்லாம் அவருடைய கைபேசி மேற்பார்வையாளர் ஒருவரின் கையிலேயே இருக்கிறது என்பது போன்ற எளிய காரணம்கூட வெளிப்படலாம். முடிவு செய்த நடைமுறையை இருவரும் சேர்ந்தே முதலாளியிடம் தெரிவியுங்கள். முன்பு அவரெதிரில் நடந்த மனத்தாங்கலுக்கு அதுவே போதுமான மறுமொழி.

ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடவும் வேண்டாம். இழப்பை யாருடைய சம்பளத்திலாவது பிடிக்கலாம் என்ற பேச்சு எழுந்தால் அது தேவைப்படும். சம்பளம் குறித்த சட்டத்தின் கீழ் வரும் பணியாளர் ஒருவரிடம் இழப்புக்காகப் பிடித்தம் செய்வதற்கு முன், அவருடைய விளக்கத்தைக் கேட்க வாய்ப்பளித்தாக வேண்டும்.

மதுரையிலிருந்து ஒரு செவிலியர்: தனியார் மருத்துவமனையில் இரவுப் பணிக்கு வந்தபோது, ஒரு நோயாளியின் மருந்தளவை மருத்துவர் மாலையில் தொலைபேசி வழியே குறைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. பழைய அளவையே கொடுத்துவிட்டேன். நல்லவேளையாக நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. மாலைப் பணியிலிருந்த சிஸ்டர் "சொல்லிவிட்டுத்தான் போனேன்" என்கிறார். மருத்துவரோ வார்டிலேயே எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திட்டினார். இப்போது சந்தேகம் கேட்கவே பயமாக இருக்கிறது.

பதில்: பணி மாறும் நேரத்தில் ஒரு செய்தி விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் மிகக் கொடிய சான்று ஒன்று உண்டு. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை வெடித்து எரிந்ததில் 167 பேர் இறந்தனர். பகல் பணியினர் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்ப்பதற்காகக் கழற்றியிருந்தார்கள். அதற்கான அனுமதித் தாளும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்தச் செய்தி இரவுப் பணியினருக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்பு நின்றுபோனபோது, வால்வு இல்லாத பம்பை இயக்க முற்பட்டார்கள், வாயு கசிந்தது. எழுதியவரும் இருந்தார், எழுதிய தாளும் இருந்தது. இயக்கியவர்கள் கண்ணில் அது படவில்லை. தங்கள் வார்டில் நடந்ததும் இதே வகையைச் சேர்ந்ததே. அதனால் அந்தச் சிஸ்டர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். போகிற அவசரத்தில் பத்து நோயாளிகளைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சொன்னதாகவே நினைத்துக்கொள்வது மனித இயல்பு.

மருத்துவமனைகளில் இதற்கென்றே எஸ்.பி.ஏ.ஆர். என்ற முறை இருக்கிறது. நோயாளியின் இப்போதைய நிலை, பின்னணி, நம் கணிப்பு, அடுத்துச் செய்ய வேண்டியது என்ற வரிசையில் தகவலைக் கைமாற்றுவதே அது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்டு, பின்னர் மருத்துவத்துக்கு வந்த முறை என்பார்கள். இதை நர்சிங் ஸ்டேஷனில் நின்று பேசாமல், கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கையருகே நின்று செய்யுங்கள். தொலைபேசியில் மருத்துவர் சொல்லும் எந்த மாற்றத்தையும் உடனே எழுதி, எழுதியதை அவருக்கே திரும்ப வாசித்துக்காட்டி, "ஆம்" என்ற பதிலைப் பெற்ற பிறகே அழைப்பை முடிக்க வேண்டும். சில மருத்துவர்கள் இதற்குச் சலித்துக்கொள்வார்கள், சலித்துக்கொள்ளட்டும்.

வார்டில் வைத்துத் திட்டியது தனி விஷயம். தவறைச் சுட்டிக்காட்ட அவருக்கு உரிமை உண்டு. நோயாளிகளின் முன்னால் அவமதிக்க உரிமை இல்லை. அதைவிட முக்கியமாக, பயந்த செவிலியர் அடுத்த முறை சந்தேகத்தைக் கேட்காமலேயே ஊசியைப் போட்டுவிடுவார், அதற்கு விலை கொடுப்பவர் நோயாளி. நடந்ததைச் சம்பவ அறிக்கையாக எழுதி நர்சிங் சூப்பிரண்டெண்டிடம் கொடுங்கள். மருத்துவர் கோபப்பட்டதைப் புகாராக முன்வைக்காமல், தொலைபேசி உத்தரவைப் பதிவு செய்யும் முறை இல்லாததை முதன்மையாக எழுதுங்கள். அவமதிப்பை அதற்குக் கீழே ஒரு பத்தியில் குறிப்பிட்டால் போதும்.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: என்கீழ் பணிபுரியும் இருவர் பேசிக்கொள்வதில்லை. இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கைகுலுக்கச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். முதலில் தனித்தனியே கேளுங்கள், அதன் பிறகு ஒன்றாக அழையுங்கள். பிறரின் குணத்தைப் பற்றிய பேச்சை அனுமதிக்காமல், எந்த வேலை, எந்த நாளில், எந்த இடத்தில் தடைப்பட்டது என்பதை மட்டும் பேசவையுங்கள். அவர்கள் நண்பர்களாக வேண்டியதில்லை. வேலைக்குத் தேவையான தகவலைத் தாமதமின்றிக் கொடுத்துக்கொண்டால் போதும்.

சென்னையிலிருந்து ஒரு வாசகி: மென்பொருள் நிறுவனத்தில் என் மேலதிகாரி இரவு நேரங்களில் என் தோற்றம் குறித்துத் தொடர்ந்து செய்திகள் அனுப்புகிறார். வேண்டாம் என்று சொன்ன பிறகு, என் வேலையில் குறை காணத் தொடங்கிவிட்டார். மனிதவளத் துறையினர் "இது வெறும் கம்யூனிகேஷன் கேப், இருவரும் காபி குடித்துக்கொண்டே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

பதில்: மேலே உள்ள கடிதங்களுக்கு நான் சொன்ன எதையும் தாங்கள் பின்பற்ற வேண்டாம். அங்கெல்லாம் செய்தி போய்ச் சேரவில்லை. தங்கள் செய்தி தெளிவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வேண்டாம் என்று தாங்கள் சொன்னது அவருக்குப் புரிந்ததால்தான் வேலையில் குறை காண்கிறார். இதைத் தகவல் இடைவெளி என்று அழைப்பது நிறுவனத்துக்கு வசதியாக இருக்கலாம், அவ்வளவுதான்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் தலைமை உயர்பதவியிலுள்ள ஒரு பெண்ணிடம் இருக்க வேண்டும்; உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வந்தவராகவும் இருக்க வேண்டும். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதங்கள் வரை நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும்.

மனிதவளத் துறையினர் சொல்லும் சமரசத்துக்கும் இச்சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பாதிக்கப்பட்ட பெண் தாமே கேட்டால் மட்டுமே அது நடக்கலாம், அதுவும் பணத்தை அடிப்படையாகக் கொண்டதாக இருக்கக் கூடாது. தாங்கள் கேட்காதபோது காபிக்கு அழைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. விசாரணை நடக்கும் காலத்தில் தங்களையோ அவரையோ வேறிடத்துக்கு மாற்றும்படியோ, தங்களுக்கு 3 மாதங்கள் வரை விடுப்பு அளிக்கும்படியோ பரிந்துரைக்குமாறு குழுவிடம் எழுத்தில் கேட்கலாம். அந்தச் செய்திகளை நாள், நேரத்துடன் சேமித்து, அலுவலகக் கணினியில் அல்லாமல் தங்கள் சொந்தப் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தில் ஆட்கள் குறைவு என்பதால் குழு அமைக்கப்படவில்லை என்றாலோ, புகார் நிறுவன உரிமையாளர் மீதே என்றாலோ, மாவட்ட அளவில் செயல்படும் உள்ளூர்ப் புகார்க் குழுவை நாடலாம்.