மழை, ஆர்எஃப், ரெயின் 24: ஒரே மழைக்கு எத்தனை பெயர்?

கேள்வி: அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஏழு பேர் சேர்ந்து மழைமானி வைத்து, ஆறு வருடமாகத் தினமும் குறித்து வருகிறோம். சிலர் வெப்பநிலையும் காற்றும்கூட எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே எக்செல் கோப்பில் சேர்க்க உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் பத்தித் தலைப்பில் 'மழை' என்று போட்டிருக்கிறார், ஒருவர் 'ஆர்எஃப்', ஒருவர் 'ரெயின் 24', இன்னொருவர் வெறும் 'மி.மீ.'. எந்தப் பெயரை வைத்துக்கொள்வது? தமிழிலேயே வைக்கலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி

பதில்: பெயரை அப்புறம் பார்ப்போம், அண்ணாச்சி. முதலில் ஏழு பேர் நோட்டையும் விரித்து, 2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாள் வரிகளைப் பாருங்கள்.

காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. 18-ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தின் கணக்கு அந்த 95. மழை 17-ஆம் தேதி பகலிலும் இரவிலும் பெய்தாலும், வானிலைத் துறை வழக்கப்படி அது 18-ஆம் தேதி மழை. உங்கள் ஏழு பேரில் ஒருவராவது 'நேற்றுப் பெய்ததுதானே' என்று 17-இல் எழுதியிருப்பார். ஒருவர் ராத்திரி படுக்கப்போகும் முன் அளந்திருப்பார். செய்தியில் செ.மீ. கேட்டுப் பழகிய ஒருவர் செ.மீ.யிலேயே எழுதியிருப்பார், அந்த எண் மி.மீ. பத்திக்குள் புகுந்தால் ஊரையே மூழ்கடித்த மழை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இந்த ஏழு பத்திக்கும் 'மழை' என்று ஒரே பெயர் சூட்டிவிட்டால் குழப்பம் தீராது, மறைந்துதான் போகும்.

ஆக, எது ஒன்று, எது வேறு என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். அளந்தது என்ன, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, என்ன அலகு, எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். எல்லாவற்றையும் பெயருக்குள்ளேயே திணிக்க ஆசை வரும். 'மழை_24மணி_மிமீ_மாடி' என்று ஆரம்பித்தால், நாளைக்கு மானியைத் தோட்டத்துக்கு மாற்றும்போது பெயரும் மாறும். அதை நம்பி எழுதிய சூத்திரங்கள் எல்லாம் உடையும்.

உலகம் முழுக்கப் பருவநிலைத் தரவு கையாளுகிறவர்கள் இதே பாடுபட்டுத்தான் தரவுக்குப் பெயரும் விளக்கமும் எழுத 'க்ளைமேட் அண்ட் ஃபோர்காஸ்ட்' என்ற மரபை உருவாக்கினார்கள். சுருக்கமாக சிஎஃப். முதல் பதிப்பு 2003-இல் வந்தது. அதில் தரப்பெயர்களுக்கு, அதாவது எல்லோரும் ஒரே மாதிரி பயன்படுத்தும் பெயர்களுக்கு, ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விளக்கமும் அடிப்படை அலகும் இருக்கும். வெப்பநிலைக்கு அங்கே 'ஏர்_டெம்பரேச்சர்' என்று ஒரே பெயர்தான். அதிகபட்சமா குறைந்தபட்சமா என்பது பெயரில் வராது, கணக்கிட்ட முறை என்று தனிக்குறிப்பில் வரும். தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதும் அப்படியே.

மழைக்கு மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. அந்தப் பட்டியலில் 'ரெயின்ஃபால்_அமவுண்ட்' என்று ஒன்று இருக்கிறது. பார்த்தவுடன் நம்முடையதுதான் என்று தோன்றும். ஆனால் அதன் அலகு சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்ற நிறை. நாம் மானியில் பார்ப்பது நீரின் ஆழம். அதற்குப் பெயர் 'திக்னஸ்_ஆஃப்_ரெயின்ஃபால்_அமவுண்ட்'. அடிப்படை அலகு மீட்டர், மி.மீ.யிலும் கொடுக்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. நீர் நின்றால் ஒரு லிட்டர், ஏறத்தாழ ஒரு கிலோ. அதனால் எண் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எண் ஒன்றுதானே என்று விட்டால், அலகைச் சரிபார்க்கும் மென்பொருள் ஆழத்தை நிறையாக மாற்ற மறுத்து முரண்டுபிடிக்கும். உங்களுக்கு ஆழம் என்ற பெயரே பொருத்தம்.

காற்று விஷயத்தில் நம் முன்னோர் நமக்கு வேலையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. எங்கிருந்து வருகிறதோ அதை வைத்துத்தான் பெயர். வானிலைக்காரர்கள் கணக்கும் அதுவே: 'விண்ட்_ஃப்ரம்_டைரக்‌ஷன்'. எங்கே போகிறது என்று சொல்லும் 'விண்ட்_டு_டைரக்‌ஷன்' என்ற பெயரும் பட்டியலில் இருக்கிறது. அதைத் தவறிப்போய் எடுத்தால் ஆடி மாதத்து மேல்காற்று அப்படியே கீழ்காற்றாகத் திரும்பிவிடும். வேகத்தில் நாட் என்றா, மணிக்குக் கி.மீ. என்றா என்று பாருங்கள். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.

தமிழில் வைக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக, ஆனால் இரண்டு வரிசையாக. கணினி படிக்கும் தலைப்பு வரிசையில் தரப்பெயர். மனிதர்கள் படிக்கும் வரிசையில் 'காலை 8.30 வரை 24 மணி நேர மழை' என்று நீட்டி எழுதுங்கள்.

ஊர்ப்பெயருக்கும் இதே பிரச்சினை உண்டு. அம்பை, அம்பாசமுத்திரம் இரண்டும் நமக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு ஊர். நிலையத்துக்கு ஒரு எண் கொடுத்து, அட்சரேகை தீர்க்கரேகையோடு தனித் தாளில் எழுதுங்கள். மாவட்டத்தை அடையாளமாக நம்ப வேண்டாம். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் பிரிந்தன; 'திருநெல்வேலி மாவட்டம்' என்ற ஒரே பெயர் மூன்று காலத்தில் மூன்று நிலப்பரப்பைக் குறிக்கும்.

இனி, பராமரிப்பு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் 'மழை' என்ற பத்தியில் பல வருடமாகத் தினசரி அளவு இருந்தது. தானியங்கி மானி வந்ததும் யாரோ அதே பத்தியில் மணிக்கணக்கு அளவை ஏற்றினார்கள். வரைபடத்தில் மழை திடீரென்று படுத்துவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது, அதுவும் ஒரு பழைய டைரி கையில் கிடைத்ததால். பயன்பாட்டில் உள்ள பெயருக்கு அர்த்தத்தை மாற்றவே கூடாது. அளப்பது மாறினால் புதுப் பெயர். பெயர் மட்டும் மாறினால், பழையதை அழிக்காமல் 'இதற்கு முன் இப்படி இருந்தது' என்று மாற்றுப்பெயராக வைத்திருங்கள். சிஎஃப் பட்டியலிலும் அப்படித்தான். பெயர் திருத்தப்பட்டால் பழையது மாற்றுப்பெயராகத் தொடரும், புதுப் பெயர் வேண்டுமென்றால் பொதுவில் விவாதித்த பிறகே சேரும். உங்கள் ஏழு பேருக்கு அவ்வளவு வேண்டாம். பத்திப் பெயர்களையும் அவற்றின் விளக்கத்தையும் ஒரு தனித் தாளில் எழுதி வையுங்கள்; அந்தப் பெயர்த் தாளில் கைவைக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும், மாற்றிய தேதியோடு. அந்த ஒருவர் நீங்களாகவே இருங்கள், பழைய நோட்டு திருத்திய கை.

வெற்றுக் கட்டத்தையும் சுழியத்தையும் கலக்காதீர்கள். மழை இல்லை என்றால் 0. கல்யாணத்துக்குப் போய்விட்டு அளக்கவில்லை என்றால் காலியாக விடுங்கள்.

அந்த 17-ஆம் தேதி ஆளின் நோட்டை அடித்துத் திருத்த வேண்டாம். அது இருக்கிறபடி இருக்கட்டும், ஸ்கேன் எடுத்து வையுங்கள். சேர்க்கும் கோப்பில் மட்டும் அவருடைய வரிகளை ஒரு நாள் தள்ளி, தள்ளியதைப் பெயர்த் தாளில் எழுதுங்கள். ஆறு வருடமும் அப்படித்தான் எழுதினாரா, நடுவில் பழக்கத்தை மாற்றினாரா என்று மட்டும் தள்ளும் முன் அவரிடமே கேட்டுவிடுங்கள்.